இன்ஜின் பிரிக்காத வண்டி

பவானி கூடுதுறையில் அமாவாசை என்றால் விடிவதற்கு முன்பே கார்கள் வந்து சேர்ந்துவிடும். திதி கொடுக்கவும் பரிகாரம் செய்யவும் சேலம், மதுரை, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வரும் குடும்பங்கள் சங்கமேஸ்வரர் கோயில் பக்கம் இறங்கிப் படித்துறைக்கு நடக்கும். அப்படி ஒரு காலையில் வெள்ளை இன்னோவா ஒன்று வந்து நின்றது. ஆட்களை இறக்கிவிட்ட டிரைவர் உடனே சாவியைத் திருப்பவில்லை. இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, டேஷ்போர்டுக்குள்ளிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். ஒரு நிமிஷம் கழித்துத்தான் வண்டியை அணைத்தார். மீட்டர் 4,86,000-ஐத் தாண்டியிருந்தது.

“இன்ஜின் வேலை எப்பங்கண்ணா பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“இன்னும் இஞ்சின் பிரிக்கலீங்க. கிளட்ச்சு மூணு தடவ, டைமிங் பெல்ட்டு, இன்ஜெக்டர் ஒருக்கா. அவ்வளவுதானுங்க.”

கொங்கு நாட்டில் ஒரு காருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய நற்சான்று இந்த மூன்று சொற்கள்தாம்: இன்ஜின் பிரிக்காத வண்டி. பெண் பார்க்கிற வீட்டில் குலம் கோத்திரம் விசாரிப்பதுபோல, பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

4,86,000 கிலோமீட்டர் என்றால் பூமியைப் பன்னிரண்டு முறை சுற்றிய தூரம். சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், இன்ஜின் சுழற்சி நிமிஷத்துக்கு 2,000 என்று வைத்துக்கொண்டால், அந்த இன்ஜின் 9,700 மணி நேரம் உழைத்திருக்கிறது. ஏறக்குறைய 116 கோடி சுற்று. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 58 கோடி முறை டீசல் வெடித்து எரிந்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஸ்லோவில் நிற்கும்போது பானெட்டின்மேல் கை வைத்தால் சீரான அதிர்வைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கனத்த உடம்பு, நிதான நடை

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி, அந்த நெருக்கத்தின் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படை இன்றும் அதுதான். பெட்ரோல் இன்ஜின் காற்றைப் பத்தில் ஒரு பங்காக நெருக்கினால், பழைய டீசல் இன்ஜின்கள் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோகும். அந்த அழுத்தத்தைத் தாங்க பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாவற்றையும் கனமாகவே செய்தாக வேண்டும். சுழற்சி வேகமும் குறைவு. டீசலுக்கே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் பம்ப்பும் நாசிலும் ஓடஓட நனைந்தபடியே இருக்கும்.

நம் ஊர்ச் சாலைகள் இந்த உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கின்றன. அம்பாசிடரில் வந்த 1,489 சி.சி. டீசல், டாக்சி ஸ்டாண்டுகளுக்கு டீசலைப் பழக்கியது. 1998 கடைசியில் அறிமுகமான டாடா இண்டிகா சின்னக் குடும்பத்துக்கும் டீசல் காரைக் கொண்டுவந்தது. 2000-ல் குவாலிஸ், 2005-ல் 2,494 சி.சி. இன்னோவா. பிறகு ஸ்விஃப்ட்டிலும் டிசையரிலும் ஓடிய, ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. இன்ஜின். பண்ணாரிக்கும் பழனிக்கும் திருச்செந்தூருக்கும், நள்ளிரவில் கோவை ஆஸ்பத்திரிக்கும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இவைதாம்.

உலக அளவில் பேர் வாங்கிய வண்டி ஒன்று உண்டு. கிரீஸ் நாட்டின் டாக்சி டிரைவர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ், 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டி, 2004-ல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். அந்த வண்டியின் இன்ஜினைப் பலமுறை இறக்கி மாற்றியிருக்கிறார்கள். ஆகவே அவ்வளவு தூரத்தையும் ஓட்டியது இரும்பு மட்டும் என்று சொல்ல முடியாது. இறக்கி, பார்த்து, மறுபடி ஏற்றிய கைகளுக்கும் அதில் பங்குண்டு.

பட்டறையில் பார்த்தது

பவானி லட்சுமி நகர் பக்கம், சேலம்-கொச்சி சாலையை ஒட்டிய பட்டறை ஒன்றில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். பழைய டீசல் கார் ஒன்றை வாங்குவதற்காக ஒருவர் காட்ட வந்தார். மெக்கானிக் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின்மேலேயே கவிழ்த்து வைத்தார். மூடி லேசாக ஆடிக்கொண்டு அங்கேயே இருந்தது. “ரிங்கு தேஞ்சிருந்தா மூடி எகிறிக் கீழ விழுந்துருமுங்க. பொகை குபுகுபுன்னு வரும்,” என்றார். பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் அழுத்தத்தைத்தான் அந்த மூடி காட்டுகிறது.

அடுத்து, கழற்றிப் போட்டிருந்த சிலிண்டர் ஹெட் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். தண்ணீர் போகும் துளைகளில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படிவு. ரேடியேட்டரில் கூலண்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றியதன் பலன். ஆழ்துளைக் கிணறுகளை நம்பிய நம் மண்ணின் உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் படிவதுபோல இன்ஜினுக்குள்ளும் படிகிறது. வழி அடைபட, சூடு ஏற, ஹெட் கேஸ்கட் போகிறது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்க வேண்டிய இன்ஜின் இப்படி ஒரே கோடையில் முடிந்துபோவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. அதைத் தடுக்க ஒரு கேன் கூலண்ட் போதும்.

அவர் சொன்ன மற்றவையும் இப்படி எளிய காரியங்கள்தாம். ஆயில் கறுப்பது கெட்டதற்கு அடையாளம் இல்லை. கரியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு இன்ஜினைக் காக்கிறது என்று பொருள். ஆனால் சுமக்க முடியாத அளவு ஏறுவதற்குள் மாற்றிவிட வேண்டும். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஆயில் மேலே ஏறிச் சேர நேரம் கொடுக்க வேண்டும். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்து நிறுத்தினால், ஒரு நிமிஷம் ஸ்லோவில் விட வேண்டும். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக்கூடியது. சூட்டோடு அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, அங்கேயே கருகிப் படிந்துவிடும். கூடுதுறையில் அந்த டிரைவர் காத்திருந்த ஒரு நிமிஷத்துக்குக் காரணம் இதுதான்.

நின்றால் கெடும்

அதிகம் ஓடிய வண்டி என்றாலே தேய்ந்த வண்டி என்று நினைக்கிறோம். ஆனால் தேய்மானத்தில் கணிசமான பங்கு நடப்பது குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது. பவானியில் கிளம்பினால் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கோவையில் போய் நிற்கும் டாக்சிக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று முறைதான் அந்தச் சோதனை. பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் போய்வரும் வீட்டுக் காருக்கு, சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் நீண்ட ஓட்டம் இன்னும் முக்கியமாகிவிட்டது. புதிய டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட ஓட்டத்தின் சூட்டில்தான் அந்தக் கரி எரிந்து சாம்பலாகும். குட்டிக் குட்டி ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். எரிக்க முயலும்போது பீய்ச்சப்படும் டீசல் ஆயிலோடு கலக்கவும் கூடும். நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசல் கார் வேண்டாம் என்று நான் துணிந்து சொல்வேன். இதே மாற்றத்தில் நல்லதும் உண்டு: டீசலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. காற்றுக்கும் நல்லது, இன்ஜின் ஆயிலுக்கும் நல்லது.

ஆயுளும் புகையும்

நெடுநாள் ஓடுவதைக் கொண்டாடும்போது அதன் புகையை மறந்துவிடக் கூடாது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு திட்டவட்டமாக வகைப்படுத்தியது. டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இல்லை. சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு பதிவு, அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். இந்தச் சலுகைக்கு நாம் தகுதியாக நடந்துகொள்ள வேண்டும். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சரிசெய்தும் புகை அடங்காவிட்டால் அந்த வண்டிக்கு விடை கொடுப்பதே முறை. நம் பின்னால் டூவீலரில் வருகிறவர் மடியிலும் ஒரு குழந்தை இருக்கும்.

நோட்டு

கூடுதுறை டிரைவர் மரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார். நோட்டைக் கேட்டதும் தயங்காமல் நீட்டினார். 10,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் ஆயில், ஃபில்டர். தேதி, மீட்டர், கொடுத்த பணம். கூலண்ட் மாற்றிய நாள். கிளட்ச் மாற்றிய இடத்தில் ஒரு கோடு. ஆரம்பப் பக்கங்களில் மை மங்கியிருந்தது, கையெழுத்து மாறவில்லை.

பழைய கார் சந்தையில் மீட்டரைக் குறைத்து விற்பது ஊரறிந்த ரகசியம். மூன்று லட்சம் ஓடிய கார் 80,000 காட்டும். பெடல் ரப்பரின் தேய்மானம் மட்டும் உண்மை சொல்லும். அந்தப் பொய்க்கு நாமும் ஒரு காரணம். பெரிய எண்ணைப் பார்த்ததும் முகம் சுளித்து, அதை எப்படிப் பராமரித்து ஓட்டினார்கள் என்று கேட்காமலே நகர்ந்துவிடுகிறோம்.

“இத்தன கிலோமீட்டர்னு தெரிஞ்சா வெல கொறைப்பாங்களேண்ணா?”

“கொறைக்கட்டுமுங்க. வண்டிய என்னிக்கு வித்தாலும் இந்த நோட்டையும் சேத்துத்தான் குடுப்பேன். வாங்கறவங்க அடுத்த வரியிலருந்து எழுதிக்கட்டும்.”

படித்துறையிலிருந்து ஈர வேட்டியோடு ஆட்கள் திரும்பி வந்தார்கள். அவர் ஜமக்காளத்தை உதறி மடித்து டிக்கியில் வைத்தார். வண்டியைக் கிளப்பி, சற்றுநேரம் அப்படியே விட்டார். பிறகு கியரைப் போட்டார்.