முற்றமும் ஊருணியும்

செட்டிநாடு மழை குறைந்த நிலப்பகுதி. அங்கு வீடு கட்டியோர் வெயிலையும் நீரையும் எண்ணியே கட்டினர். வீட்டின் நடுவே 'வளவு' எனப்படும் திறந்த முற்றம் அமைந்தது. அது ஒளியைத் தந்தது. வெப்பக்காற்றை மேலெழச் செய்து வெளியேற்றியது. தடித்த சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சும் வெம்மையைத் தணித்தன. சாய்ந்த ஓட்டுக்கூரையில் விழுந்த மழைநீர் முற்றத்தில் இறங்கியது. வேண்டிய நீரை அண்டாக்களில் பிடித்துக்கொண்டனர். எஞ்சியது வடிகால் வழியே ஊருணியை அடைந்தது. இவ்வாறு ஒவ்வொரு வீட்டின் கூரையும் ஊரின் நீர்நிலைக்கு உதவியது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு அனைத்துக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், வாசலைச் சிமெண்டால் மூடி, நீர் செல்லும் வழியை அடைத்துவிட்டால் சட்டத்தால் மட்டும் ஊருணி நிறையாது. வீட்டின் வரைபடத்தில் ஊரின் நீர்வழியும் இடம்பெற வேண்டும். நாளை வீடு கட்டவிருக்கும் நீங்கள் இதனை மனங்கொள்ளுங்கள்.