கலகமும் கணக்கும்

2013-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி, சித்ரா பௌர்ணமி. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தார் கூட்டிய இளைஞர் விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வண்டி வண்டியாக ஜனங்கள் சென்றுகொண்டிருந்தார்கள். மரக்காணத்தில் கைகலப்பு மூண்டது. ஆதி திராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. உயிர்ச் சேதம் ஏற்பட்டது. போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்யவும் நேர்ந்தது. முதற்கல்லை எறிந்தவர் யார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அது நியாயஸ்தலத்தின் வேலை. நாம் கேட்பது வேறு. பௌர்ணமி என்று வரும் என்பது பஞ்சாங்கத்தில் அச்சாகியிருந்தது. கூட்டம் வரும் சாலை எது என்பதும் தெரிந்ததே. தருமபுரி ஜில்லாவில் நத்தம் காலனி எரிந்தது 2012 நவம்பரில். அது நடந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. இத்தனையும் தெரிந்திருந்த பிறகு கலகம் எதிர்பாராமல் வந்தது என்று யார் சொல்லமுடியும்?

தெரிந்ததெல்லாம் ஓரிடத்தில் இல்லை என்பதே குறை. அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவனை விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது. அங்கே அது வழக்காகிறது, அல்லது ராஜியில் முடிகிறது. 108 ஆம்புலன்ஸ்காரர்களிடம் இன்னொரு கணக்கு. எந்த ஏட்டிலும் ஏறாத கணக்கு ஒன்றும் உண்டு. எந்தத் திருப்பத்தில், எந்த இரவில் வம்பு வளர்கிறது, யார் வீட்டுப் பரணில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கிடக்கிறது என்பதையெல்லாம் டீக்கடையிலும் உப்பளக் கரையிலும் கேட்கலாம். இவற்றை ஒரே மேஜைமேல் பரப்பிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை.

வேல்ஸ் நாட்டுத் தலைநகரான கார்டிஃபில் ஜொனாதன் ஷெப்பர்டு என்னும் முக அறுவைச் சிகிச்சை நிபுணர், அடிதடியில் காயப்பட்டுத் தம்மிடம் வருபவர்களில் பலர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கண்டார். காயம்பட்டவனிடம் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா கேட்டது மூன்றே கேள்விகள்: எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால்? பெயரை நீக்கிவிட்டு அந்தக் குறிப்பைப் போலீசாருக்கும் நகரசபைக்கும் கொடுத்தார்கள். ரோந்து இடம் மாறிற்று. மதுக்கடைகள்மேல் கண் விழுந்தது. அதேபோன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால், அடிதடிக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர்வோர் அங்கே 42 சதவிகிதம் குறைந்ததாக 2011-ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. துப்பாக்கிச் சூடு மலிந்த அமெரிக்காவிலும் அட்லாண்டா வட்டாரத்தில் இம்முறையைக் கைக்கொண்டிருக்கிறார்கள்.

சீமையில் செய்தார்கள் என்பதற்காக நாமும் செய்யவேண்டும் என்பதில்லை. நம் சட்டத்திலேயே இதற்கு இடமிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-ல் வகுத்த விதிகளில் மூன்றாவது விதியைப் பாருங்கள். கொடுமை நேரக்கூடிய இடங்களைச் சர்க்கார் முன்கூட்டியே கண்டறிய வேண்டும். அவசியமானால் அங்கே ஆயுத லைசென்ஸுகளை ரத்துசெய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும். கள்ளத் துப்பாக்கி இருக்கும் இடத்தைக் கலெக்டர் எந்தக் கோப்பிலிருந்து தெரிந்துகொள்வார்? ஊரார் சொன்னாலல்லவா தெரியும்? பதினேழாவது விதிப்படி கலெக்டர் தலைமையில் ஜில்லாக் கண்காணிப்புக் குழு உண்டு. உத்தியோகஸ்தர்களோடு பொதுஜனப் பிரதிநிதிகளும் அதில் அங்கத்தினர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூடியாக வேண்டும். கோட்ட அளவிலும் அப்படியொரு குழுவுக்கு விதி செய்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் குறிப்பு அந்தக் குழுவின் முன் வரட்டும் என்கிறோம்.

இதில் ஆபத்து இல்லாமலில்லை. ஒரு சேரியின் அல்லது ஒரு குப்பத்தின் பெயர்ப் பட்டியல் போலீசாரின் கைக்குப் போனால் அடுத்த கலகத்தன்று யார் வீட்டுக் கதவு முதலில் தட்டப்படும் என்பதைக் கோர்ட்டுகளில் காலங்கழித்த நாம் நன்றாக அறிவோம். ஆகையால் பெயரும் ஜாதியும் அக்குறிப்பில் கூடவே கூடாது. இடம், வேளை, ஆயுதம் ஆகிய மூன்றும் போதும். துப்பாக்கியைப் பற்றிச் சொன்னவன் யார் என்பதும் குழுவுக்கு வெளியே போகக் கூடாது. கொடுத்த தகவலைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதை ஊராருக்குத் திரும்பச் சொல்லும் கடமை உத்தியோகஸ்தர்களுக்கு உண்டு. இன்றோ தகவல் மேலே போகிறது. கீழே திரும்பி வருவதில்லை. வன்னியர் தெருவாரும் காலனியாரும் மீனவரும் அந்தக் குறிப்பை ஒன்றாக உட்கார்ந்து பார்க்காவிட்டால், ஒரு தரப்பார் அதை மற்றத் தரப்பார்மேல் எறியும் கல்லாகவே கொள்வார்கள்.

கூட்டத்தை விழுப்புரத்தில் கூட்டாமல் மரக்காணத்திலேயே கூட்டட்டும். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கி வேலை நின்றிருக்கும் நாளில் கூட்டினால் உப்பளத் தொழிலாளர்களும் கூலி இழக்காமல் வருவார்கள்.