அச்சுக்கூடமும் ஒரு பள்ளியே

நீச்சல் நூலைக் கரையிலிருந்து ஓதினவன் ஆறு கடந்ததில்லை. பத்திரிகைத் தொழிலும் அத்தன்மைத்தே. இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதழியல் ஒரு பாடமாக வைக்கப்பட்டுள்ளது. எம் ஊராகிய புதுவையை அடுத்த காலாப்பட்டிலுள்ள பல்கலைக்கழகத்தும் அதற்குரிய துறையுண்டு. எனினும், மாணாக்கர் பாடங்கேட்பதோடு அமையாது, தாமே ஓர் இதழை எழுதி, அச்சிட்டு, ஊரார் கையிற் கொடுத்துப் பழகுதல் வேண்டுமோ என ஐயுறுவார் உளர். வேண்டும் என்பதே எம் கருத்து. சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை.

1878ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் சென்னையில் 'இந்து' பத்திரிகை தோன்றிற்று. அதனைத் தொடங்கினோர் அறுவர். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாசாரியாரும் ஆசிரியர்கள். ஏனைய நால்வரும் சட்டம் பயின்ற மாணாக்கர். கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணாவைக் கொண்டு 80 படிகள் அச்சிட்டனர். பொருள் மிக்க பிறகே பத்திரிகை நடத்தவேண்டும் என்பார் இக்கணக்கைச் சற்றே நோக்குவாராக. மிஷன் கலாசாலையார்க்கும் இது புதிதன்று. யாழ்ப்பாணத்தில் 1841இல் எழுந்த 'உதயதாரகை'க்கு வட்டுக்கோட்டை செமினரியிற் பயின்றோரே ஆசிரியராயினர்.

சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1904ஆம் ஆண்டின் இறுதியில், மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில திங்கள் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த இருபத்தோராண்டு இளைஞரொருவரைத் தம் பத்திரிகையில் உதவியாசிரியராக அமர்த்திக்கொண்டார். அவரே பாரதியார். ஆங்கிலத்தில் வந்த செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்கித் தருதல் அவருக்கு வாய்த்த வேலை. கவி பாடவல்லார்க்கு இஃதோர் சுமையன்றோ எனத் தோன்றலாம். யாம் அவ்வாறு கருதுகிலோம். அச்சுக்கோப்பவர் அருகே காத்து நிற்க, அரைமணி நேரத்தில் ஒரு புதிய பொருளுக்குத் தமிழ்ச்சொல் காணவேண்டியவனுக்கு, வாசகனுக்கு விளங்காத சொல்லை எழுதும் ஓய்வு கிடைப்பதில்லை. பாரதியாரின் உரைநடைத் தெளிவிற்கு அப்பயிற்சியும் ஒரு காரணம் என்பது எம் துணிபு.

1906இல் 'இந்தியா' வார இதழின் எழுத்துப்பொறுப்பு அவர் கைக்கு வந்தது. இரண்டாண்டில் அரசாங்கம் அதன்மேல் வழக்குத் தொடுத்தது. சட்டப்படி பொறுப்பாளராகப் பெயர் பதிந்திருந்த சீனிவாசன் என்பார் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் புதுவை புகுந்தார். இதழின் அடியிற் சிற்றெழுத்தில் அச்சிடும் பெயர்கள் வெறும் அலங்காரமன்று என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடப்புத்தகம் யாதுளது? பெயர்ப் பதிவை வற்புறுத்திய 1867ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி 2023ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. எழுதியதற்கு விடை கூறும் பொறுப்போ நீங்கவில்லை.

பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுவையில் 1908 அக்டோபரில் 'இந்தியா' மீண்டும் வெளிவந்தது. ஆயின், ஆங்கிலேயர் அதனைத் தம் எல்லைக்குள் வரவொட்டாது தடுத்தனர். சந்தா செலுத்தியவர்கள் அப்பால் இருந்தனர். அச்சுக்கூடம் இப்பால் இருந்தது. 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது. எழுத்துவன்மை எத்துணைச் சிறந்ததாயினும், வாசகனை எட்டாத ஏடு உயிர் வாழாது. பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி இல்லம் இன்று நினைவகமாக உள்ளது; அவ்வழிச் செல்லுந்தோறும் எமக்குப் பாடல்களைக் காட்டிலும் அந்தச் சந்தாக் கணக்கே நினைவுக்கு வருகின்றது!

வியப்பு யாதெனின், அதே 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் வால்டர் வில்லியம்ஸ் என்பார் இதழியற் பள்ளியைத் திறந்து, வகுப்புத் தொடங்கிய முதல் நாளிலேயே மாணாக்கர் உழைப்பால் ஒரு செய்தித்தாளையும் வெளியிட்டார். அஃது ஊரார்க்குரிய மெய்யான பத்திரிகை. தேர்வுக்கென எழுதி அலமாரியில் அடுக்கும் ஏடன்று.

நம் நாட்டிற் பயிற்சி இதழ்கள் பல அவ்வலமாரியோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியர் படித்து மதிப்பெண் இடுகின்றார், வேறெவரும் படிப்பதில்லை. பிழை நேர்ந்தால் இரண்டு மதிப்பெண் குறையும், அவ்வளவே. ஊரார் கையிற் செல்லும் ஏட்டிலோ பிழை ஒரு மனிதரைச் சென்று தாக்கும்.

சென்ற ஆண்டு யாமும் தோழர் சிலரும் நான்கு பக்க ஏடொன்றை வெளியிட்டோம். பக்கம் அமைக்கும் அவசரத்தில், முதிய பழைய மாணவர் ஒருவரின் சதாபிஷேக விழாச் செய்தி, 'இரங்கல்' என்னும் தலைப்பின்கீழ்ச் சென்றுவிட்டது. பிழைதிருத்தம் பார்த்தவர் யாமே. முந்நூறு படிகளும் வழங்கிய பின்னரே அறிந்தோம். அன்று மாலை நடுங்கிய நெஞ்சினராய் அவர் இல்லத்திற்குச் சென்றோம். அம்மையார் கண்கலங்கியிருந்தார், காலைமுதல் துக்கம் விசாரிக்க வந்தோர் எழுவராம். பெரியவரோ எமக்குக் காப்பி வருவித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பிமார்களே, அடுத்த ஏட்டில் நான் உயிரோடு இருப்பதாகப் போடுங்கள். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்றார்.

முதற்பக்கத்திலேயே போட்டோம். அச்சுக்குப் போகுமுன் அவ்வரியை ஐவர் தனித்தனியே படித்துப் பார்த்தனர்.