ஆர்.வி. வாங்குமுன் வாசலை அளந்து பாருங்கள்

படுக்கை, சமையல் வசதியுள்ள ஆர்.வி. என்ற சுற்றுலா வண்டியை விற்கும் கடையில் எத்தனை பேர் படுக்கலாம், கேலனுக்கு எத்தனை மைல் ஓடும், மாதத் தவணை எவ்வளவு என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார்கள். வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பாதி வியாபாரம் படுத்துவிடும்.

கொரோனா காலத்தில் அமெரிக்காவில் இந்த வண்டிகளுக்கு ஏகக் கிராக்கி. 2021-ல் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தன. பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில், எல்க்ஹார்ட் நகரைச் சுற்றியுள்ள பட்டறைகளில் உருவானவை. விடுமுறைக்குச் சில வாரம் ஊர் சுற்றும் வண்டி, மீதி நாளெல்லாம் எங்காவது நின்றாக வேண்டும். புறநகரில் வீடு வாங்கி, பிள்ளைகளை யெல்லோஸ்டோன் கூட்டிப்போக டிரெய்லரும் வாங்கிவிட்ட நம்மவர்களுக்கு, “என் இடம், என் வண்டி, யார் என்ன கேட்க முடியும்?” என்றுதான் தோன்றும். கேட்க முடியும். நகராட்சி கேட்கும், வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ. கேட்கும், தெருவில் நிறுத்தினால் போலீஸ் கேட்கும். ஒருவர் சரி என்றாலும் அடுத்தவரை அது கட்டுப்படுத்தாது.

நகராட்சிக்கு இந்த அதிகாரம் ஜோனிங் சட்டத்திலிருந்து வருகிறது. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்றெல்லாம் வகுப்பது அது. நகரம் முழுமைக்குமான இத்தகைய சட்டத்தை நியூயார்க் 1916-ல் கொண்டுவந்தது. ஒஹாயோவில் யூக்ளிட் என்ற சிற்றூரின் ஜோனிங்கை எதிர்த்து நிலம் வைத்திருந்த நிறுவனம் ஒன்று போட்ட வழக்கில், இந்த அதிகாரம் செல்லும் என்று 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று திறந்த கதவு இன்னும் மூடவில்லை. ஃபுளோரிடாவின் கோரல் கேபிள்ஸ் நகரம் குடியிருப்புப் பகுதியில் கேம்பர் வண்டி நிறுத்தக் கூடாது என்றது. அந்தத் தடையை 1974-ல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தெருவின் அழகைக் காப்பதும் நகராட்சியின் வேலைதான் என்பது அதன் சாரம். ஆகவே “அரசியல் சாசனம் தரும் சொத்துரிமை” என்று முழங்கிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போகாதீர்கள். அந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது.

ஊருக்கு ஊர் விதி மாறும் என்றாலும் அடிப்படை அம்சங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டின் முன்சுவர்க் கோட்டைத் தாண்டி ஆர்.வி. நிற்கக் கூடாது, பக்கவாட்டிலோ பின்புறமோ நிற்கலாம். எல்லையிலிருந்து சில அடி இடைவெளி வேண்டும். புல்வெளியில் கூடாது, கான்கிரீட்டோ தாரோ போட்ட தளம் வேண்டும். ஒரு மனைக்கு ஒன்றுதான். சில ஊர்களில் நீளத்துக்கும் உயரத்துக்கும் வரம்பு, சில ஊர்களில் வேலி போட்டு மறைக்க வேண்டும். பயணத்துக்கு முன்னும் பின்னும் சாமான் ஏற்றி இறக்க ஒன்றிரண்டு நாள் டிரைவ்வேயில் நிறுத்திக்கொள்ளப் பல ஊர்கள் அனுமதிக்கின்றன. வண்டிக்கு நடப்புப் பதிவும் இருக்க வேண்டும்.

இவற்றில் ஆளை மாட்டிவிடுவது அளவுதான். டிரெய்லர் மாடலின் பெயரில் 25 என்று இருந்தால் மொத்த நீளம் 25 அடி என்று நினைத்துக்கொள்கிறோம். பல மாடல்களில் அது உள்கூட்டின் நீளத்தை ஒட்டிய எண். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்புக் கம்பியைச் சேர்த்தால் மூன்று நான்கு அடி கூடிவிடும். உயரத்தில் கூரைமேல் உள்ள ஏ.சி. பெட்டியும் சேர்த்தி. நம் மனை எங்கே முடிகிறது என்பதிலும் இதே குழப்பம். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் நாமே புல் வெட்டி, நாமே தண்ணீர் ஊற்றும் பட்டை நிலம் பெரும்பாலும் நம்முடையதல்ல, பொதுவழி. டிரைவ்வேயின் நீளத்தைச் சாலை ஓரத்திலிருந்து அளந்தால் கணக்கு பிழைத்துவிடும். வீட்டுப் பத்திரத்தோடு வந்த சர்வே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடியுங்கள்.

விதிகள் எல்லாம் அழகுக்காக மட்டும் போட்டவை அல்ல. தெருமுனை வீட்டின் வாசலில் 12 அடி உயர மோட்டார் ஹோம் நின்றால், திரும்பும் கார்க்காரருக்கு எதிரே வரும் சைக்கிள் பையன் தெரிய மாட்டான். முனைகளில் ஒரு முக்கோணப் பகுதியைத் திறந்தே வைக்கச் சொல்வது இதனால்தான். கிளாஸ் ஏ என்ற வகையைச் சேர்ந்த பெரிய மோட்டார் ஹோம்கள் 10 டன்னையும் தாண்டும். காருக்காகப் போட்ட கான்கிரீட் அதற்கு விரிசல் விடும். புரொபேன் சிலிண்டர் வண்டியோடு ஒட்டியிருக்கிறது. குளிர்பெட்டி ஓடட்டும் என்று நடைபாதைக்குக் குறுக்கே மின்வயர் இழுப்பவர்களும் உண்டு. யாராவது தடுக்கி விழுந்தால் வழக்கு உங்கள் பெயரில் வரும். கழிவுத் தொட்டியைத் தெரு மழைநீர் வடிகாலில் திறந்துவிடுவது வெறும் நகராட்சி விதிமீறலோடு முடியாது, சுற்றுச்சூழல் சட்டப்படியும் குற்றமாகும்.

வீட்டில் இடமில்லை, தெருவில் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் கடிவாளம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 22 அடிக்கு மேல் நீளமோ 7 அடிக்கு மேல் உயரமோ உள்ள வண்டிகளை, தடைப் பலகை வைத்த தெருக்களில் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை நிறுத்தக் கூடாது. கலிஃபோர்னியாவில் உள்ளூர் விதி இருந்தால், 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது.

ஹெச்.ஓ.ஏ. விவகாரம் தனி. அமெரிக்காவில் ஏழு கோடிக்கு மேற்பட்டோர் இத்தகைய சங்கங்களுக்கு உட்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள். நகராட்சியின் அதிகாரம் சட்டத்திலிருந்து வருகிறது. சங்கத்தின் அதிகாரம் வீடு வாங்கும்போது நாம் போட்ட கையெழுத்திலிருந்து வருகிறது. வீட்டுப் பத்திரம் முடிக்கும் குளோசிங் நாளில் நீட்டிய காகிதக் கட்டில், யாரும் படிக்காத அந்தத் தடித்த நிபந்தனைப் பத்திரத்தில்தான் “ஆர்.வி., படகு, டிரெய்லர் எதுவும் வெளியில் தெரியக் கூடாது” என்ற வரி ஒளிந்திருக்கும். ஹூஸ்டன் நகரத்தில் ஜோனிங்கே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பத்திர நிபந்தனைகள் அங்கே ஏராளம். அவற்றை அமல்படுத்த நகராட்சியின் சட்டத்துறையே வழக்குப் போடலாம்.

சங்கங்களின் கை ஓங்கிப்போனதால் சில மாநிலங்கள் குறுக்கே வந்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் 2023-ல் வந்த சட்டப்படி, வீட்டின் முகப்பிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆர்.வி. வைத்திருப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜூலை முதல், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்காத மீறலுக்குச் சங்கம் போடும் அபராதம் 100 டாலரைத் தாண்டக் கூடாது. டெக்சஸில் வெறும் அபராதப் பாக்கிக்காகச் சங்கம் உங்கள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே அபராதத்துக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 30 நாளுக்குள் கேட்டால் விசாரணைக்கு வாய்ப்பும் தர வேண்டும். கேட்காமல் சங்கம் தராது. நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

நகராட்சியிடமிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கு ஃபுளோரிடாவின் லன்டானா என்ற சிறு நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண், வளர்ந்த பிள்ளைகள், வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு கார். நான்கும் டிரைவ்வேயில் நெருக்கி நிற்கும்போது ஏதாவது ஒன்றின் இரண்டு டயர் புல்லில் ஏறிவிடும். அவர் சொந்தப் புல். அதற்கு நாளொன்றுக்கு 250 டாலர் அபராதம். காரைச் சரியாக நிறுத்திவிட்டேன், வந்து பாருங்கள் என்று நகராட்சிக்குப் போன் செய்து தகவல் விட்டதாகவும், யாரும் வரவில்லை என்றும் அவர் தரப்பு சொல்கிறது. விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டார். ஓராண்டுக்கும் மேல் கழித்துத்தான் அபராதம் ஓடிக்கொண்டே இருந்தது தெரிந்தது. 407 நாளுக்கு 1,01,750 டாலர். வேலி சரிந்தது, டிரைவ்வே விரிசல் விட்டது என்று வேறு சில மீறல்களையும் சேர்த்து 1,65,000 டாலருக்கு மேல் போய்விட்டது. 2021-ல் அவர் வழக்குத் தொடுத்தார்.

ஆர்.வி. வழக்கு அல்ல என்றாலும் அபராதம் ஏறும் முறை ஒன்றுதான். ஃபுளோரிடா சட்டம் முதல் மீறலுக்கு நாளொன்றுக்கு 250 டாலர் வரை, அதே மீறல் திரும்ப நடந்தால் 500 டாலர் வரை போக அனுமதிக்கிறது. 50,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்கள் இன்னும் உயர்த்திக்கொள்ளலாம். கட்டாத தொகை சொத்தின்மேல் லீன் என்ற பற்றுரிமையாக ஏறும். விற்கும்போதோ கடனை மாற்றும்போதோ அது எழுந்து நிற்கும். குடியிருக்கும் வீட்டை இதற்காக ஏலம் விட முடியாது என்பது ஓர் ஆறுதல். வண்டியை எடுத்துவிட்டால் மட்டும் அபராதக் கடிகாரம் நிற்காது. எடுத்துவிட்டீர்கள் என்று நகராட்சி பதிவு செய்த அன்றுதான் நிற்கும். எனவே வண்டியை நகர்த்திய அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, நோட்டீஸ் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, மறு ஆய்வு கேளுங்கள். விதி நிறைவேறியது என்று எழுத்தில் வரும்வரை கோப்பை மூடாதீர்கள். போனில் பேசியதற்கு மதிப்பில்லை.

எதிர்த்து நிற்க நினைத்தால் விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். போகாதவருக்கு எதிராகவே உத்தரவு வரும். உத்தரவு வந்தபின் ஃபுளோரிடாவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். “நாலு வீடு தள்ளி இதைவிடப் பெரிய வண்டி நிற்கிறதே, அவரைக் கேட்கவில்லையே” என்பதை எல்லோரும் சொல்வார்கள். அது தற்காப்பு ஆகாது. அவருக்கும் ஒரு நோட்டீஸ் போகும், உங்களுக்கு ஒரு விரோதி கூடும். பலன் தருவது வேறு கேள்விகள். நோட்டீஸில் விதியின் எண் இருக்கிறதா? அந்த விதி உங்கள் மனையின் ஜோனிங் வகைக்குப் பொருந்துமா? விதி வருவதற்கு முன்பே அங்கே வண்டி நின்றதா? நின்றது என்று பழைய படம், பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் ரசீது காட்டினால், பழைய உபயோகம் என்ற விலக்கு சில ஊர்களில் கிடைக்கும். மனையின் வடிவமே கோணலாக இருந்து பக்கவாட்டில் கொண்டுபோக வழியில்லை என்றால் வேரியன்ஸ் என்ற சிறப்பு விலக்குக்கு ஜோனிங் முறையீட்டு வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு, அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பும் போகும். அறிவிப்பு போகுமுன் நீங்களே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிடுவது நல்லது. உடல் ஊனத்தின் காரணமாக அந்த வண்டி அருகிலேயே இருக்க வேண்டிய தேவை என்றால், நியாயமான விலக்கு கோரக் கூட்டரசின் வீட்டுவசதிச் சட்டம் வழி தருகிறது. நகராட்சி, சங்கம் இரண்டிடமும் கோரலாம்.

மிகையான அபராதம் கூடாது என்ற அரசியல் சாசனப் பாதுகாப்பு மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல ஆயுதம்தான். ஆனால் நாள் கணக்கில் ஏறிய தொகையை மிகை என்று நிரூபிக்க வக்கீல் செலவும் ஆண்டுக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

வண்டியில் ஆள் தங்குவது இன்னொரு கண்ணி. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்திருக்கிறார்கள், வீட்டில் அறை போதவில்லை, டிரைவ்வேயில் நிற்கும் ஆர்.வி.யில் படுக்கட்டுமே என்று தோன்றும். நிறுத்த அனுமதிக்கும் ஊர்களிலும் குடியிருக்க அனுமதி பெரும்பாலும் இல்லை. விருந்தினருக்குச் சில நாள் சலுகை தரும் ஊர்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் அதில் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தட்டுப்பாடு முற்றியதால் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம் 2021-ல் துணிந்து, வீட்டு மனையில் ஒரு ஆர்.வி.யில் ஆள் குடியிருக்கலாம் என்று விதியைத் திருத்தியது.

விதியே தவறு என்று பட்டால் அதை மாற்றும் இடம் நகர மன்றமும் வாக்குப்பெட்டியும். கோரல் கேபிள்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கேம்பருக்கு மட்டுமல்ல, பிக்கப் டிரக்குக்கும் தடை இருந்தது. ராத்திரியில் சொந்த வாசலில்கூட நிறுத்தக் கூடாது. அபராதம் வாங்கிய ஒருவர் வழக்குப் போட்டார். 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்வில் ஜெயித்தார். 2010-ல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதைத் தலைகீழாக்கி நகராட்சி பக்கம் சாய்ந்தது. நீதிமன்றத்தில் தோற்ற அந்தக் கோரிக்கை 2012-ல் வாக்குப்பெட்டியில் ஜெயித்தது. ஆனால் அந்த வாக்கெடுப்பு பிக்கப்புக்கு மட்டும்தான், ஆர்.வி.க்காரர்கள் தங்கள் மனுவைத் தாங்களேதான் எழுதிக்கொண்டு போக வேண்டும்.