பந்து தானாக ஒரே மூலைக்கு ஓடுதா? சரிவான தரையில் பூல் டேபிளை மட்டம் பிடிப்பது எப்படி?

மெதுவாகத் தட்டிவிட்ட பந்து நேராகப் போய் நிற்க வேண்டும். ஆனால் கடைசி ஓரடி தூரத்தில் லேசாக வளைந்து, ஓரத்துக் குழிக்குள் போய் விழுகிறது. ஜெயித்தவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை. தோற்றவரோ டேபிளே சரியில்லை என்கிறார். வீட்டில் பூல் டேபிள் போட்டவர்களுக்கு முதல் வாரத்திலேயே வரக்கூடிய பிரச்சினை இது.

உடனே பழி தரை மேல் விழும். டைல்ஸை உடைத்து மறுபடி போடலாமா என்றுகூட யோசிப்பார்கள். அது தேவையே இல்லை. மட்டமாக இருக்க வேண்டியது தரை அல்ல, டேபிளின் துணிக்கு அடியில் இருக்கும் கல். தரை எப்படி இருந்தாலும் அந்தக் கல்லை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

தரை ஏன் மட்டமாக இருப்பதில்லை?

முதல் காரணம், வாட்டம். கழுவிவிட்டால் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக பால்கனி, மொட்டை மாடி, முற்றம் ஆகியவற்றைக் கொத்தனார்கள் வேண்டுமென்றே ஒரு பக்கம் சரித்துப் போடுவார்கள். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் கூடத்தில்கூட இந்த வாட்டம் இருக்கலாம். பால்கனியை மூடி அறையாக்கிய அபார்ட்மெண்ட்களிலும், மொட்டை மாடியில் ஷீட் போட்டு எடுத்த அறைகளிலும் அந்தச் சரிவு அப்படியே தங்கிவிடும். டேபிள் போட இடம் தேடுபவர்கள் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களைத்தான்.

இரண்டாவது, டைல்ஸ். ஒரு டைலுக்கும் அடுத்த டைலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தால் நடக்கும்போது தெரியாது. டேபிளின் நான்கு கால்கள் நான்கு டைல்களில் நிற்கும்போது தெரியும்.

மூன்றாவது, மண். தி.நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. 1920-களில் 'லாங் டேங்க்' என்ற நீண்ட ஏரியின் நீரை வடித்துத்தான் இந்த நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு என்ற பெயர் அந்த ஏரியின் மிச்சம். களிமண் பாங்கான நிலம் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆழமான பைல் அஸ்திவாரத்தில் நிற்கும் அடுக்குமாடிகளில் இது பெரிதாகத் தெரியாது. ஆழமில்லாத அஸ்திவாரம் கொண்ட பழைய தனி வீடுகளின் தரைத்தளத்தில் தெரிய வாய்ப்பு உண்டு.

எவ்வளவு சரிவை டேபிள் தாங்கும்?

மிகமிகக் குறைவு. உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி, ஆடுதளத்தை நீளவாக்கில் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் மட்டம் பிடிக்க முடிய வேண்டும். அகலவாக்கில் அதிலும் பாதி, கால் மில்லிமீட்டர்.

தரையில் மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் வாட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 8 அடி டேபிளின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். விதி சொல்லும் அளவைப் போல 24 மடங்கு!

வேகமாக அடித்த பந்தில் இந்தக் கோளாறு தெரியாது. மெதுவாகப் போகும் பந்து டேபிளில் அதிக நேரம் இருப்பதால், சரிவு அதை இழுக்க நேரம் கிடைக்கிறது. 'மெல்ல அடித்தால்தான் வளையுது' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏன் கல்?

ஆரம்ப காலத்தில் பில்லியர்ட்ஸ் மேசைகளின் தளம் மரத்தால் ஆனது. மரம் ஈரத்தில் வளையும். 1826 வாக்கில் இங்கிலாந்தின் ஜான் தர்ஸ்டன் ஸ்லேட் கல்லுக்கு மாறினார். பள்ளிக்கூடத்தில் எழுதிய பழைய கல் சிலேட்டும் இதே கல்தான்.

இந்த விளையாட்டுக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு பெரிய பங்கு உண்டு. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஸ்னூக்கருக்கு, 1882-ல் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்.

விலை குறைந்த டேபிள்களில் கல்லுக்குப் பதில் எம்டிஎஃப் பலகை இருக்கும். சென்னை ஈரக்காற்றில் அது உப்பி வளைந்துவிட்டால், எத்தனை முறை மட்டம் பிடித்தாலும் நிற்காது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அடியில் இருப்பது கல்லா, பலகையா?

டேபிள் வருவதற்கு முன்பு

ஸ்லேட் போட்ட 8 அடி டேபிள் சுமார் 350 முதல் 450 கிலோ இருக்கும். ஒவ்வொரு கால் மேலும் ஏறக்குறைய 100 கிலோ. வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்கிறது ஐஎஸ் 875 இந்தியத் தரநிலை. டேபிளின் எடையை அது அடைத்துக்கொள்ளும் பரப்பால் வகுத்தால், இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். சரியாகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு இது பொதுவாகப் பிரச்சினை இல்லை.

மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய 'மெட்ராஸ் டெரஸ்' மாடி என்றால் கதை வேறு. கட்டடப் பொறியாளர் பார்க்காமல் டேபிளை மேலே ஏற்றக் கூடாது. 12 அடி ஸ்னூக்கர் டேபிள் ஒரு டன்னுக்கு மேல் போகும் என்பதால், அதற்கு எந்த மாடியாக இருந்தாலும் பொறியாளரைக் கேட்பது அவசியம்.

கால் வரப்போகும் டைலை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக்கு சத்தம் வந்தால் அடியில் சிமென்ட் பிடிக்கவில்லை. அந்த டைல் விரிசல் விடலாம். டேபிளைச் சற்றுத் தள்ளிப் போடுவது நல்லது.

மட்டம் பிடிப்பது எப்படி?

1. தரையில் எந்த மூலை உயரம் என்று டியூப் லெவலால் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய டியூபில் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது.

2. ரசமட்டத்தை நம்பும் முன் அதைச் சோதியுங்கள். ஓரிடத்தில் வைத்துக் குமிழைக் கவனியுங்கள். பிறகு அதே இடத்தில் முனை மாற்றி வையுங்கள். குமிழ் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கோளாறு ரசமட்டத்தில்தான்.

3. சாதாரண ரசமட்டம் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் வரை தவறலாம். ஆரம்ப வேலைக்கு அது போதும். கடைசிக் கட்டத்துக்கு லேத் பட்டறைகளில் மெஷினை நிறுத்தப் பயன்படுத்தும் மெஷினிஸ்ட் லெவல் வேண்டும். செல்போன் ஆப் தோராயத்துக்கு மட்டுமே.

4. உயரமான மூலையை அப்படியே விடுங்கள். மற்ற மூன்று கால்களையும் அதன் உயரத்துக்கு ஏற்றுங்கள். காலில் திருகு பாதம் இருந்தால் அதைத் திருகினால் போதும். இல்லையென்றால் இரும்புத் தகட்டை பேக்கிங்காக வைக்கலாம். தகடு காலை விட அகலமாக இருந்தால் டைலுக்கும் பாதுகாப்பு.

5. தூக்கும்போது சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து, கார் ஜாக்கியால் சில மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். இன்னொருவர் கூட இருக்க வேண்டும். தூக்கிய காலுக்கு அடியில் விரலை விடக் கூடாது.

6. நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டங்கள் என நான்கு வாக்கிலும் பாருங்கள். ஒரு காலைத் தொட்டால் மற்றவற்றின் அளவும் மாறும். மூன்று, நான்கு சுற்று ஆகத்தான் செய்யும்.

7. ஸ்லேட் மூன்று துண்டாக இருந்தால், துண்டுகளுக்கு இடையிலான மட்டம் ஃபிட்டரின் வேலை. சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே சீட்டுக்கட்டு அட்டை கனத்தில் பேக்கிங் கொடுத்து, இணைப்பை தேன்மெழுகால் நிரப்புவார்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

கால்களுக்கு அடியில் மடித்த பேப்பர், அட்டைப்பெட்டித் துண்டு வைக்க வேண்டாம். 100 கிலோ சுமையில் அவை நசுங்கும், ஈரத்தையும் உறிஞ்சும். டேபிளின் விளிம்பைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். விளிம்பு கழன்றுவிடும், கல் முறுக்கிக்கொண்டு உடையவும் கூடும். வாடகை வீட்டில் தரையைக் கொத்தவே தேவையில்லை. தகடு வைத்தால் காலி செய்யும்போது சுவடே இருக்காது.

சரியாகிவிட்டதா? பந்தே சொல்லும்

பந்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக உருட்டுங்கள். பிறகு அதே கோட்டில் திருப்பி உருட்டுங்கள். இரண்டு முறையும் அறையின் ஒரே சுவர்ப் பக்கம் விலகினால் டேபிள் சரிந்திருக்கிறது. ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு பக்கம் போனால் சந்தேகப்பட வேண்டியது பந்தை. ஸ்னூக்கர் துணியில் ஒரே திசையில் படிந்த இழை இருப்பதால், அதற்கு எதிராகப் போகும் பந்து லேசாக விலகுவது சகஜம்.

எப்போது மறுபடி பார்க்க வேண்டும்?

போட்டு ஒரு வாரத்தில் ஒரு முறை, ஒரு மாதத்தில் ஒரு முறை. அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஜனவரியில் ஒரு முறை, கோடை முடிவில் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் எந்த மூலை எவ்வளவு இறங்கியது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அந்தக் குறிப்பு டேபிளை விடப் பெரிய விஷயத்தைச் சொல்லக்கூடும். முதல் சில வாரங்களில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் சரிசெய்த பிறகும் அதே மூலை திரும்பத் திரும்ப இறங்கினால், கூடவே கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பினால், இறங்குவது தரையாக இருக்கலாம். அப்போது தேவைப்படுவது இன்னொரு தகடு அல்ல. ஆட்டத்தை நிறுத்திவிட்டு கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

கேரம் போர்டுக்கும் இதே கணக்குதான்

பூல் டேபிள் எல்லார் வீட்டிலும் இருக்காது, கேரம் போர்டு இருக்கும். இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயமும், 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைக்காரர்கள். பவுடர் போட்ட பலகையில் உராய்வு குறைவு என்பதால் சின்னச் சரிவும் ஆட்டத்தை மாற்றும். ஸ்டாண்டின் நான்கு காலும் தரையில் படிகிறதா என்று பார்த்து, ரசமட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்.