உம்மாவின் வினாத்தாள்

சாரதி அனுமதிப்பத்திரத்திற்கான எழுத்துப் பரீட்சையில் உம்மா முதல் தரம் சித்தியடையவில்லை. வாப்பா கட்டாரில், வாகனம் முற்றத்தில் சும்மா நிற்கிறது. உம்மம்மாவைக் கிளினிக்கிற்குக் கூட்டிப்போக மாதாமாதம் ஆட்டோவுக்குக் காசு. இரண்டாம் தரம் படிப்பிக்கும் பொறுப்பை நான் எடுத்தேன்.

இப்பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். உயர்தர மாணவியான எனக்குப் பழகிய விடயந்தானே! மாதிரி வினாத்தாள்களைச் செய்வித்தால் போதும் என்று நினைத்தேன். உம்மா ஒரே வினாத்தாளை நான்கு தரம் செய்தார். 24, 31, 36, 39. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு விடைகளின் ஒழுங்கை மாற்றி அதே வினாக்களைக் கொடுத்தேன். 27! அவரது ஞாபகத்தில் இருந்தது விதியல்ல, "பதினோராம் கேள்விக்கு மூன்றாவது விடை" என்பதே. கடந்தகால வினாத்தாள்களை நானும் இப்படித்தான் செய்கிறேனோ என்று அன்றிரவு கொஞ்சம் பயந்தேன்.

அதன்பின் நாளுக்கு ஒரு வினாத்தாள் மட்டும். பிழைத்தவற்றைக் கொப்பியில் எழுதி, ஏன் பிழைத்தது என்று உம்மாவே சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து அவற்றை மட்டும் மீண்டும் கேட்பேன். சரியான விடைக்கும் சிலவேளை காரணம் கேட்பேன். ஊகித்துப் போட்டவை அங்கே பிடிபடும்.

கொப்பியைப் பார்த்தால் பாதிப் பிழைகள் சொற்களால் வந்தவை. தரித்தல் தடையும் நிறுத்தல் தடையும் ஒன்றென்றே உம்மா நினைத்திருந்தார். தரிக்கத் தடையுள்ள இடத்தில் ஆளை இறக்கிவிட நிறுத்தலாம். நிறுத்தத் தடையுள்ள இடத்தில் அதுவும் கூடாது. "பின்வருவனவற்றுள் பிழையானது எது?" என்று கேட்டால் அவசரத்தில் சரியானதைத் தெரிவுசெய்வார். 'பிழையானது' என்ற சொல்லின் கீழ் கோடிடச் சொன்னேன்.

மற்றவை நம் வீதிகள் பழக்கிவிட்டவை. சுற்றுவட்டத்தில் யாருக்கு முன்னுரிமை? "பஸ்ஸுக்குத்தான் மகள்" என்றார். வலப்பக்கமிருந்து வரும் வாகனத்துக்கே வழிவிட வேண்டும். நாம் இடப்பக்கமாக ஓட்டுவதால், வட்டத்துக்குள் ஏற்கனவே சுற்றிவரும் வாகனம் நமக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். மேசையில் ஒரு பீங்கானையும் இரண்டு தேநீர்க் கோப்பைகளையும் வைத்து இதை விளங்கப்படுத்திய பிறகு, அந்த வினா எந்த உருவில் வந்தாலும் பிழைக்கவில்லை. மஞ்சள் விளக்கும் அப்படித்தான். 'கெதியாகப் போ' என்பதல்ல அதன் பொருள்; பாதுகாப்பாக நிற்க முடிந்தால் நிற்க வேண்டும்.

வரும் புதன்கிழமை பரீட்சை. நேற்று, இதுவரை தொடாத வினாத்தாளொன்றில் உம்மாவுக்கு 35. பிழைத்த ஐந்தில் ஒன்று, விடைத்தாளில் நான் பிழையாகக் குறித்து வைத்தது. அதைக் கண்டுபிடித்ததும் உம்மாதான்.