அடுப்பு எரிஞ்ச பிறகும் ‘டிக் டிக்’ சத்தம் நிக்கலையா? மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

நாபை அழுத்தித் திருப்பினா ‘டிக் டிக்’னு சத்தம், உடனே தீ. கையை எடுத்ததும் சத்தம் நிக்கணும். ஆட்டோ இக்னிஷன் அடுப்போட வழக்கம் இதுதான். ஆனா சில நாள் டீ போட்டு இறக்கின பிறகும், ஏன், அடுப்பை அணைச்ச பிறகும்கூட அந்தச் சத்தம் ஓயாது. பெரும்பாலும் இதுக்குக் காரணம் கேஸ் இல்லை, தண்ணீர்.

முதல்ல மூக்கு, அப்புறம் கை!

ஒவ்வொரு ‘டிக்’கும் ஒரு தீப்பொறி. அதனால, கேஸ் வாசனை வருதான்னு பார்க்கிறதுதான் முதல் வேலை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாசனை வந்தா அடுப்பை ஆராயாதீங்க. நாபையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடிட்டு, கதவு, ஜன்னலைத் திறந்துட்டு எல்லாரும் வெளியே வந்துடுங்க. லைட், ஃபேன் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் பண்ணுங்க. எல்.பி.ஜி கசிவுக்கான அவசர உதவி எண் அது.

வாசனை இல்லையா? அப்போ தொடர்ந்து படிங்க.

சத்தம் எங்கிருந்து வருது?

பர்னர் பக்கத்துல வெள்ளைப் பீங்கானுக்குள்ள ஒரு சின்னக் கம்பி நீட்டிட்டு இருக்கும். அடுப்புக்கு அடியில இருக்கிற 1.5 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தை ஒரு குட்டிப் பெட்டி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி, இந்தக் கம்பிக்கு அனுப்புகிறது. அதுதான் பொறியாகப் பாய்கிறது. இதை இயக்கும் சுவிட்ச், நாபுக்கு அடியில் இருக்கிறது.

பால் பொங்கி வழிஞ்சாலோ, வெள்ளிக்கிழமைக்காக முந்தின ராத்திரியே அடுப்பில் தண்ணி ஊத்தித் தேய்ச்சாலோ, ஈரம் அந்த சுவிட்ச்சுக்குள்ள இறங்கிடும். நீங்க கையை எடுத்தாலும், இன்னும் அழுத்திட்டு இருக்கிற மாதிரியே அது வேலை செய்யும். காய்ஞ்ச பால், எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து நாப் மேலே எழாம ஒட்டிக்கிட்டாலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம்: பல அடுப்புகள்ல ஒரு நாபை அழுத்தினா எல்லா பர்னர்லயும் பொறி வரும். அதனால, சத்தம் வர்ற பர்னர்தான் குற்றவாளின்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒவ்வொரு நாபையும் லேசா அழுத்திப் பாருங்க. எது பழையபடி எழும்பலையோ, அதுதான் ஆள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது

1. ரெகுலேட்டரை மூடுங்க. அடுப்பு நல்லா ஆறட்டும்.

2. பேட்டரியைக் கழட்டுங்க. பிளக் வச்ச ஹாப்னா பிளக்கைப் பிடுங்குங்க. சத்தம் நின்னுடும்.

3. நாபை நேரா மேலே இழுத்தா பல மாடல்கள்ல கழண்டு வரும். வரலைன்னா பலத்தைக் காட்டாதீங்க. நாபின் அடிப்பக்கத்தையும் தண்டைச் சுற்றியும் காய்ந்த துணியால் துடைங்க.

4. பர்னர் மூடியை எடுத்து ஈரம் போகத் துடைங்க. கம்பியின் நுனியைக் காய்ந்த டூத்பிரஷால் மெதுவாகத் தேய்ச்சா போதும். பீங்கானில் விரிசல் இருக்கான்னும் பாருங்க.

5. எல்லாத்தையும் திறந்து வச்சு, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி காயவிடுங்க.

6. பர்னர் மூடியை ஆடாம, சரியா உட்கார வைங்க. பேட்டரியைப் போட்டுப் பாருங்க. ‘டிக்...... டிக்......’னு சோம்பலா அடிச்சு, தீ பிடிக்காம இருந்தா அது வேற பிரச்னை. பேட்டரி தீர்ந்திருக்கும், புதுசு போடுங்க.

அதுவரைக்கும் சமையல்?

பேட்டரி இல்லாமலேயே, நாப் சரியா திரும்புற அடுப்பை லைட்டர் வச்சுப் பத்த வைக்கலாம். லைட்டரை பர்னர் பக்கத்துல தயாரா வச்சுக்கிட்டு நாபைத் திருப்புங்க. கேஸைத் திறந்துவிட்டுட்டு லைட்டரைத் தேடுறது ஆபத்து. சில நொடியில் பத்தலைன்னா மூடிட்டு, வாசனை முழுசா போன பிறகுதான் அடுத்த முயற்சி.

இதெல்லாம் வேண்டாமே!

‘யூடியூப்ல பார்த்தேன்’னு நாபுக்குள்ள எண்ணெய் விடுறது, ஸ்பிரே அடிக்கிறது, அடித்தகட்டைக் கழட்டுறது... மூணும் வேண்டாம். நாபுக்குக் கீழே இருப்பது கேஸ் வால்வு.

நல்லா காய்ஞ்ச பிறகும் சத்தம் தொடர்ந்தா சுவிட்ச்சோ, அந்தக் குட்டிப் பெட்டியோ பழுதாகியிருக்கலாம். பீங்கான் விரிசல், திரும்பாத நாப்னா காத்திருக்கவே வேண்டாம். அடுப்பு கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க.

இனிமே அடுப்பில் தண்ணியை ஊத்தாதீங்க, நல்லா பிழிஞ்ச துணியால துடைங்க. பால் பொங்கினா, அடுப்பு ஆறினதும் அன்னைக்கே சுத்தம் பண்ணிடுங்க. ‘டிக் டிக்’ தொல்லை பாதி அங்கேயே தீர்ந்துடும்!